லட்லோ: செங்கல் முகப்புக்குப் பின்னால் ஒரு மர மண்டபம்

இங்கிலாந்தின் பழைய சந்தை நகரங்களைப் பற்றிய சுற்றுலா விளம்பரம் எதை எடுத்தாலும் ஒரே வகைப் படம்தான் இருக்கும். வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். மேல்மாடி கீழ்த்தளத்தைத் தாண்டித் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். ஜன்னலடியில் பூத்தொட்டிகள் இருக்கும். வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ரோப்ஷயரில் உள்ள லட்லோ நகரத்துக்கு அப்படிப்பட்ட படம் என்றால் அது ஃபெதர்ஸ் விடுதிதான். 1619-இல் கட்டிய வீடு அது. மூன்று முக்கோண முகடுகள், சட்டங்களுக்கு இடையே சதுரம் சதுரமாகச் செதுக்கு வேலை என்று கண்ணைப் பறிக்கும். ஊருக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் லட்லோவைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அங்கே தொடங்கக் கூடாது. மில் தெருவில், கில்டு என்ற இடைக்காலச் சங்கத்துக்கு இருந்த கில்டு மண்டபத்தில் தொடங்க வேண்டும். வெளியே நின்று பார்த்தால் அது 18-ஆம் நூற்றாண்டின் செங்கல் கட்டடம். அக்காலத்தில் விளையாட்டாகவும் நாகரிகமாகவும் கருதப்பட்ட, கோதிக் பாணியைப் போலச் செய்த வளைந்த கூர்முனை வாசலும் ஜன்னல்களும் இருக்கின்றன. 1768-இல் அந்த முகத்தை வடிவமைத்தவர் ஷ்ரூஸ்பரியைச் சேர்ந்த தாமஸ் ஃபார்னால்ஸ் பிரிச்சர்ட். உலகின் முதல் பெரிய வார்ப்பிரும்புப் பாலத்துக்கு முதல் வரைவு கொடுத்தவரும் அவரே. உள்ளே நுழைந்து நிமிர்ந்து பார்த்தால் செங்கல் இல்லை. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தச்சர்கள் ஓக் மரத்தில் எழுப்பிய மண்டபம் அப்படியே நிற்கிறது. பிரிச்சர்ட் அதை இடிக்கவில்லை. சட்டை மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

இந்த ஊரில் இது விதிவிலக்கு அல்ல, வழக்கம். பிராட் தெருவில் நேர்த்தியான செங்கல் வீடுகளாகத் தெரிபவற்றில் பலவற்றுக்குள் மர வீடுகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றின் அடியில் 12-ஆம் நூற்றாண்டில் கோல் வைத்து அளந்த மனைகள் இருக்கின்றன. பணம் வந்தபோதெல்லாம் ஊர் தன் முகத்தை மாற்றிக்கொண்டது; பணம் போனபோதெல்லாம் இருந்த முகத்தோடு நின்றுவிட்டது. மனைக்கோடு மட்டும் இரண்டு காலத்திலும் அசையவில்லை. இன்று நாம் மரபு என்று சொல்லி வியப்பது இந்த மூன்றும் சேர்ந்த விளைவைத்தான். அதில் அழகுணர்ச்சிக்கு உள்ள பங்கு பலரும் நினைப்பதைவிடக் குறைவு.

சந்தை என்பது ஓர் உரிமை

இடைக்கால இங்கிலாந்தில் நினைத்த இடத்தில் சந்தை கூட்ட முடியாது. சந்தை நடத்துவது அரசன் வழங்கும் உரிமை. அதைப் பெற்ற பிரபு சுங்கம் வாங்கலாம், கடைக்கு வாடகை வாங்கலாம், எடையில் ஏமாற்றுபவனைத் தன் மன்றத்தில் நிறுத்தித் தண்டம் விதிக்கலாம். பக்கத்தில் இன்னொருவர் சந்தை தொடங்கினால் வழக்குப் போடலாம். 13-ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பிராக்டன் இதற்கு ஒரு தூரக் கணக்கே சொல்லியிருக்கிறார்: இரண்டு சந்தைகளுக்கு இடையே ஆறே முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவாக, துல்லியமாகச் சொன்னால் ஆறும் மூன்றில் இரண்டும், இடைவெளி வேண்டும். ஒரு நாள் நடை இருபது மைல். அதை மூன்றாகப் பிரித்தால் ஒரு பங்கு போக, ஒரு பங்கு விற்று வாங்க, ஒரு பங்கு இருட்டுவதற்குள் வீடு திரும்ப. இங்கிலாந்து வரைபடத்தில் சிறு நகரங்கள் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் புள்ளி வைத்தாற்போல் கிடப்பதற்குப் பின்னால் முட்டைக் கூடையும் கோழிகளுமாக நடந்து வந்த ஒரு விவசாயக் குடும்பத்தின் கால்கள் இருக்கின்றன.

ஆகவே சந்தை நகரம் என்பது தானாக வளர்ந்த கிராமம் அல்ல. பல நேரங்களில் அது ஒரு முதலீடு. லட்லோ அதற்குத் தெளிவான சான்று. நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு வேல்ஸ் எல்லையைக் காக்க வந்த டி லேசி குடும்பம், 11-ஆம் நூற்றாண்டின் கடைசியில் டீம் ஆறு வளைந்து ஓடும் இடத்தில், செங்குத்தான மேட்டின் விளிம்பில் கோட்டை கட்டியது. 1086-இல் எடுத்த புகழ்பெற்ற நிலக் கணக்கில் லட்லோ என்ற பெயரில் ஊர் எதுவும் இல்லை. கோட்டை வந்தபின், அதன் வாசலில் ஒரு நகரத்தைத் திட்டமிட்டு நட்டார்கள். வீரர்களுக்கு ரொட்டி, இறைச்சி, காலணி, குதிரை லாடம் எல்லாம் வேண்டும். பிரபுவுக்குக் கையில் காசு வேண்டும். இரண்டுக்கும் ஒரே வழி சந்தை.

நட்ட நகரத்துக்கு ஆட்கள் வர வேண்டுமே. அதற்குக் கொடுத்த தூண்டில்தான் பர்கேஜ் மனை. கிராமத்தில் குடியானவன் பிரபுவின் வயலில் கட்டாயமாக உழைக்க வேண்டும். மகளைக் கட்டிக்கொடுக்கவும் அனுமதி கேட்டுக் காசு கட்ட வேண்டும். நகர மனை வாங்கியவனுக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆண்டுக்கு ஒரு நிலையான தொகை, பெரும்பாலும் ஒரு ஷில்லிங், கட்டினால் போதும். மனையை விற்கலாம், பிள்ளைக்கு எழுதிவைக்கலாம், பிரித்து வாடகைக்கு விடலாம். இப்படி விற்கவும் பிரிக்கவும் முடிந்த சொத்தாக இருந்ததால்தான் அந்த மனையின் எல்லையை யாராலும் எளிதில் அழிக்க முடியவில்லை. எல்லையைக் கலைத்தால் பக்கத்து மனைக்காரன் நீதிமன்றத்துக்குப் போவான். எண்ணூறு ஆண்டு நகர அமைப்பைக் காத்த காவலர்களில் முதலிடம் இந்த வழக்குப் பயத்துக்குத்தான் கொடுக்க வேண்டும்.

கோல் வைத்து அளந்த தெரு

லட்லோவின் தெருக்களை வரைபடத்தில் பார்த்தால் அவை ஒரே நாளில் போட்டவை அல்ல என்பது தெரியும். வடக்கிலிருந்து கோர்வ் தெருவாக வந்து, புல் ரிங் என்ற இடத்தைக் கடந்து, ஓல்டு தெருவாக ஆற்றை நோக்கி இறங்கும் பாதை பழையது. நகரத்துக்கு முன்பே வழிப்போக்கர்கள் நடந்த தடம் என்று கருதப்படுகிறது. கோட்டை வாசலிலிருந்து கிழக்கே அந்தப் பழைய பாதையைத் தொடும்வரை மேட்டின் முதுகில் அகலமான சந்தைத் தெரு. அதிலிருந்து தெற்கே ஆற்றுப்பக்கம் இணையாக இறங்குபவை பிராட் தெருவும் மில் தெருவும். இடையே குறுக்குச் சந்துகள், மனைகளின் பின்வாசலுக்குப் போகிற வண்டிப் பாதைகள்.

நிலம் அளந்தவர்கள் பயன்படுத்திய கோலின் நீளம் பதினாறரை அடி. இரண்டு கோல் அகலம், அதாவது 33 அடி, இங்கே மனைக்கு அடிப்படை அளவாக இருந்திருக்கிறது. பிறகு மனைகள் பாதியாகவும் மூன்றில் ஒன்றாகவும் பிரிந்தன. இன்று ஒரு கடையின் முகப்பு பதினாறரை அடியாக இருந்தால், அதன் கட்டடம் எந்த நூற்றாண்டைச் சேர்ந்ததாக இருந்தாலும், அந்த அளவு நெப்போலியனுக்கும் ஷேக்ஸ்பியருக்கும் முந்தியதாக இருக்க வாய்ப்பு உண்டு. நகர அமைப்பை ஆராய்ந்த எம். ஆர். ஜி. கான்சன் என்ற புவியியலாளர் லட்லோவைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டது இதனால்தான். தெருவும் மனையும் மெதுவாக மாறும். கட்டடம் அதைவிட வேகமாக மாறும். கட்டடத்துக்குள் நடக்கும் வேலை எல்லாவற்றிலும் வேகமாக மாறும். இன்று இத்துறையில் பாலபாடமாகிவிட்ட இந்தப் பார்வை அவர் இத்தகைய ஊர்களின் வரைபடங்களிலிருந்து எடுத்தது.

மனைகள் ஏன் இவ்வளவு ஒடுக்கமாகவும் நீளமாகவும் இருக்கின்றன? தெருவைப் பார்த்த இடம்தான் காசு. சந்தை நாளில் வாசலில் பலகை போட்டு விற்க முடிந்தவனே வியாபாரி. அதனால் ஆளுக்குக் கொஞ்சம் முகப்பு, பின்னால் நீளமான நிலம்: பட்டறை, கிணறு, பன்றிக் கொட்டில், தோட்டம். வண்டி போக ஒரு பக்கம் வளைவு வழி விட்டு, அதன்மேல் மாடியை இழுத்துக் கட்டினார்கள். லட்லோவில் நடக்கும்போது வீடுகளுக்கு இடையே திடீரென்று தென்படும் இருட்டு நுழைவழிகள் பலவும் இவைதான். அவற்றுக்குள் எட்டிப் பார்க்காமல் ஊரைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

அகலமான சந்தைத் தெரு மட்டும் அப்படியே நிலைக்கவில்லை. கோட்டைச் சதுக்கத்திலிருந்து கிழக்கே போனால் வழி சட்டென்று ஒடுங்கிச் சிறு சந்துகளாகப் பிரிகிறது. இரண்டு சந்துகளுக்கு இடையே பின்கட்டே இல்லாத ஒல்லியான கட்டடங்கள் நிற்கின்றன. அவை ஒரு காலத்தில் சந்தை நடுவே போட்ட தற்காலிகக் கடைகள். சந்தை முடிந்ததும் பலகையைக் கழற்றி எடுத்துப் போக வேண்டியவர்கள் ஒருநாள் விட்டுவிட்டுப் போனார்கள். அடுத்து கூரை வந்தது, அப்புறம் சுவர், பிறகு மாடி. வாடகை வந்துகொண்டிருந்ததால் பிரபுவும் கண்டுகொள்ளவில்லை. ஆக்கிரமிப்பு என்று நாம் முகம் சுளிப்பது நானூறு ஆண்டு தாங்கிவிட்டால் பாதுகாக்கப்பட்ட கட்டடமாகிவிடுகிறது. லட்லோவில் அப்படி ஆனவை இன்று ஊரிலேயே மிக அழகான மூலைகள் என்பதையும் மறுக்க முடியாது.

1233-இல் மதில் கட்டுவதற்கு வரி வசூலிக்க அரசன் அனுமதி கொடுத்தான். எழுந்த மதிலில் ஏழு வாயில்கள் இருந்தன. முழு உருவில் எஞ்சியிருப்பது பிராட் கேட் மட்டும்; அதன் வளைவுக்கு மேலும் 18-ஆம் நூற்றாண்டில் யாரோ வீடு கட்டிக் குடியேறிவிட்டார்கள். மதில் பிராட் தெருவை இரண்டாக வெட்டியது. உள்ளே இருந்தது கனவான்களின் தெரு. வெளியே ஆற்றுவரை இறங்கும் கீழ் பிராட் தெரு, துணிப் பட்டறைக்காரர்களும் பின்னாளில் கையுறை தைத்தவர்களும் வாழ்ந்த பகுதி. வாயிலைத் தாண்டியதும் வீடுகளின் உயரம் குறைவதை இன்றும் கண்ணால் அளக்கலாம்.

கம்பளி, கில்டு, ஓக் மரம்

இந்த நகரத்தின் முதல் செல்வம் ஆட்டின் முதுகிலிருந்து வந்தது. வேல்ஸ் எல்லைப் புல்வெளிகளின் கம்பளி ஐரோப்பாவில் நல்ல விலை போனது. லட்லோவின் லாரன்ஸ் என்றே பெயர் பெற்ற வணிகர் அரசனுக்குக் கடன் கொடுக்கும் அளவுக்கு உயர்ந்தார். ஊருக்கு வடக்கே சில மைல் தூரத்தில் அவர் கட்டிய ஸ்டோக்சே மாளிகைக்கு 1291-இல் கோட்டை மதில் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. மூன்றே ஆண்டில், 1294-இல், கம்பளியோடு போன கப்பல் மூழ்கி இறந்தார்.

தனி வணிகர்கள் வந்து போனார்கள். நிலைத்தது பால்மர்ஸ் கில்டு என்ற சமயச் சங்கம். உறுப்பினர் இறந்தால் அவர் ஆன்மாவுக்காக நாள்தோறும் வழிபாடு நடத்த குருமார்களைச் சம்பளத்துக்கு வைத்திருந்தது. இந்த உறுதிக்காக இங்கிலாந்து முழுவதிலும் வேல்ஸிலும் பலர் பணம் கட்டினார்கள். ஊரூராகப் போய்ச் சந்தா வசூலிக்க ஆட்கள் இருந்தார்கள். அந்தப் பணத்தில் சங்கம் வாங்கியது லட்லோவின் வீடுகளையும் கடைகளையும். கிங் தெருவும் பிராட் தெருவும் சந்திக்கும் மூலையில் மாடி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் அழகான மரக் கட்டடம், 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சங்கம் வாடகைக்கு விடுவதற்காக எழுப்பிய கடைவரிசை. இன்றும் அங்கே கடைதான் நடக்கிறது. புனித லாரன்ஸ் தேவாலயத்தைச் சுற்றுவட்டாரமே பொறாமைப்படும் அளவுக்குப் பெரிதாக்கியதிலும் சங்கத்துக்குப் பங்குண்டு. அதன் பாடகர் இருக்கைகளின் அடியில் 28 செதுக்குச் சிற்பங்கள் இருக்கின்றன. ஒன்றில் அளவில் ஏமாற்றிய பீர் வியாபாரிப் பெண்ணைப் பேய் தோளில் போட்டுக்கொண்டு நரகத்துக்குப் போகிறது. சந்தை ஊரில் பாவம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது. சமயச் சீர்திருத்தத்தின்போது சங்கம் கலைந்து, 1552-இல் அதன் சொத்து நகரசபைக்கு வந்து சேர்ந்தது. அதனால் மனைகளின் உரிமை சிதறாமல் ஒரே கையில் பெருமளவு தொடர்ந்தது.

மரச்சட்ட வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் தவறான படிமங்கள் அதிகம். அந்தக் கோணல் முதுமையால் மட்டும் வந்தது அல்ல. தச்சர்கள் ஓக் மரத்தைக் காயவைக்காமல் பச்சையாகவே அறுத்துப் பயன்படுத்தினார்கள். காய்ந்த ஓக்கில் உளி இறங்காது. பட்டறையில் தரையில் கிடத்திச் சட்டத்தை முழுவதும் கோத்துப் பார்த்து, ஒவ்வொரு மூட்டிலும் எண்குறி வெட்டி, பிரித்துக் கொண்டுபோய் மனையில் நிறுத்தி மர ஆணி அடித்தார்கள். நின்ற பிறகுதான் மரம் காய்ந்தது, காயும்போது முறுக்கிக்கொண்டது. வீடு கோணலானது பெரும்பாலும் கட்டிய தலைமுறையின் கண்முன்னேயே. இடைவெளிகளில் குச்சிப் படல் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பினார்கள். சட்டங்களை நெருக்கமாக நிறுத்துவது கட்டட பலத்துக்குத் தேவையில்லை. இவ்வளவு மரம் வாங்க என்னால் முடியும் என்று தெருவுக்குச் சொல்வதுதான் நோக்கம். கறுப்பு வெள்ளை வண்ணமும் பெரும்பாலும் விக்டோரியா காலத்து ஆசை. பல வீடுகளில் ஓக் இயல்பான சாம்பல் நிறத்திலோ, மரமும் மண்ணும் சேர்த்து ஒரே சுண்ணாம்புப் பூச்சிலோ இருந்தது. பழமையின் அடையாளமாக நாம் எடுத்துக்கொள்வது சில வேளை ஒரு நூற்றாண்டுக்குச் சற்று முந்தைய தார்ப்பூச்சு.

தலைநகரமாக இருந்த காலம்

லட்லோ வெறும் சந்தை ஊராக இருந்திருந்தால் ஃபெதர்ஸ் வந்திருக்காது. கோட்டை மார்ட்டிமர் குடும்பத்தின் வழியாக யார்க் பிரபுவின் கைக்கு வந்தது. அரியணைக்காக நடந்த உள்நாட்டுப் போரில், 1459-இல் எதிரணிப் படை ஊரைச் சூறையாடியது. இரண்டே ஆண்டில் யார்க்கின் மகன் நான்காம் எட்வர்டாக அரியணை ஏறி, ஊருக்கு 1461-இல் நகரசபை உரிமை கொடுத்தான். அவன் தன் மூத்த மகனை 1473-இல் லட்லோவுக்கு அனுப்பி வைத்தான். 1483 வரை இங்கே வளர்ந்த அந்தச் சிறுவன் லண்டன் கோபுரத்தில் தம்பியோடு காணாமல் போனவன். 1502 ஏப்ரல் 2-இல், அரகானின் கேத்தரினை மணந்து சில மாதங்களே ஆன இளவரசன் ஆர்தர் இதே கோட்டையில் இறந்தான். அவன் விதவையைத் தம்பி எட்டாம் ஹென்றி மணந்ததும், பிறகு விலக்கியதும், அதனால் இங்கிலாந்துத் திருச்சபை ரோமிலிருந்து பிரிந்ததும் தெரிந்த கதை.

கட்டடக்கலைக்கு இந்த அரச துக்கங்களைவிட முக்கியம், வேல்ஸையும் எல்லைப் பகுதிகளையும் ஆண்ட எல்லைப்புற மன்றம் இங்கே அமர்ந்ததுதான். மன்றம் இருந்தால் வழக்கு வரும். வழக்கு இருந்தால் வழக்கறிஞர் வருவார். வழக்கறிஞருக்கு வீடு வேண்டும், கட்சிக்காரருக்குத் தங்குமிடமும் சாப்பாடும் வேண்டும். ஃபெதர்ஸைக் கட்டிய ரீஸ் ஜோன்ஸ் பெம்ப்ரோக்ஷயரிலிருந்து வந்த வழக்கறிஞர். அது விடுதியானது 1670 வாக்கில்தான். அதன் முகப்பில் இருக்கும் அத்தனைச் செதுக்கு வேலையும் வழக்குக் கட்டணம்.

1689-இல் மன்றத்தைக் கலைத்துவிட்டார்கள். கோட்டையில் ஆளில்லை, கூரையிலிருந்த ஈயத்தகடு போனது, மழை உள்ளே இறங்கியது. 1772-இல் அதை இடித்துவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது; கடைசியில் குத்தகைக்கு விடுவதே மேல் என்று முடிவானது. ஊர் மட்டும் விழவில்லை. சுற்றியிருந்த பண்ணை முதலாளிகள் குளிர்காலத்தில் நடனம், சீட்டாட்டம், பெண் பார்த்தல் ஆகியவற்றுக்காக நகர வீடு வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். அவர்களுக்கு மரச்சட்டம் பட்டிக்காட்டுத்தனமாகப் பட்டது. செங்கல், சம இடைவெளியில் மேலே தள்ளித் திறக்கும் உயரமான ஜன்னல்கள், நடுவில் தூண்கள் தாங்கிய கதவு, இதுவே நாகரிகம். முழுவதும் இடித்துக் கட்ட எல்லாராலும் முடியவில்லை. ஒரு செங்கல் கனத்துக்கு முகப்பு எழுப்பி, நீட்டிய மாடியை மறைத்துக்கொண்டவர்கள் பலர். பிராட் தெருவின் புகழ்பெற்ற ஒழுங்கு இப்படி வந்தது. பக்கவாட்டில் சந்துக்குள் திரும்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும்: முன்னால் சமமான கூரைவிளிம்பு, பின்னால் ஆளுக்கொரு சரிவில் பழைய கூரைகள். தெருவின் உச்சியில் வில்லியம் பேக்கர் 1740-களில் கட்டிய பட்டர் கிராஸ் நிற்கிறது. கீழே தூண்களுக்கு நடுவில் திறந்த தளம். கிராமப் பெண்கள் வெண்ணெய் விற்ற இடம். மேலே அறை, அதன்மேல் மணிக்கூண்டு.

இந்தக் காலத்து லட்லோவை நம் வரலாற்றோடு சேர்க்கும் இழை ஒன்று உண்டு. ஆற்காட்டு முற்றுகையில் பெயரெடுத்து, இந்தியாவில் சேர்த்த பணத்தோடு திரும்பிய ராபர்ட் கிளைவ் ஷ்ரோப்ஷயர்காரர். அவர் வாங்கிய பண்ணைகளில் ஓக்லி பார்க் லட்லோவுக்கு மிக அருகில் இருக்கிறது. அவர் மகன் எட்வர்ட் கிளைவ் 1774 முதல் 1794 வரை லட்லோவின் நாடாளுமன்ற உறுப்பினர். 1798 முதல் 1803 வரை சென்னையின் ஆளுநர். கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட 1799 அக்டோபரிலும், திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட 1801 அக்டோபரிலும் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்தவர் இவர்தான். கர்நாடக நவாபின் ஆட்சி கும்பெனியின் கைக்கு முழுவதுமாகப் போன 1801 ஒப்பந்தமும் இவர் காலத்தது. ஊர் திரும்பி போயிஸ் பிரபுவாகி, 1811-இல் லட்லோ கோட்டையை அரசிடமிருந்து 1,560 பவுண்டுக்கு விலைக்கு வாங்கினார். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை அவர் ஆளுநராக இருந்தபோது தரைமட்டமாக்கப்பட்டது. ஓர் இங்கிலாந்து எல்லைக் கோட்டையின் இடிபாட்டை அவர் குடும்பம் சொத்தாகப் பேணியது. இன்றும் அது போயிஸ் குடும்ப அறக்கட்டளையிடம் இருக்கிறது. கோட்டையைப் பார்க்கப் போகும் தமிழர் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது; அங்குள்ள பலகைகளை மட்டும் நம்பினால் போதாது.

பணம் போன பிறகு

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகரத்தின் அடித்தட்டைத் தாங்கியது கையுறைத் தொழில். பெண்களும் சிறுமிகளும் வீட்டிலிருந்தே தைத்தார்கள். நெப்போலியன் போர் முடிந்ததும் சரிவு தொடங்கியது. வெளிநாட்டுக் கையுறைக்கு இருந்த தடையை 1826-இல் நீக்கியதும் பிரெஞ்சுச் சரக்கு வந்து குவிந்தது. லட்லோவின் தொழில் எழவில்லை. 1852-இல் ரயில் வந்தது. அது தொழிற்சாலைகளைக் கொண்டுவரவில்லை. நிலக்கரியும் இரும்பும் வேறு பக்கம் இருந்தன. பர்மிங்காமும் வுல்வர்ஹாம்ப்டனும் தங்கள் இடைக்கால மனைகளை விழுங்கி வளர்ந்துகொண்டிருந்தபோது லட்லோவில் இடிக்கவும் காசில்லை, கட்டவும் காரணமில்லை.

அந்த வறுமையை அழகாக்கிச் சொல்லக் கூடாது. நீண்ட மனைகளின் பின்பக்கத் தோட்டங்களில் வரிசை வரிசையாகச் சிறு குடியிருப்புகள் அடைத்துக் கட்டி வாடகைக்கு விட்டார்கள். முன்னால் கனவான் வீட்டின் செங்கல் முகப்பு, அதன் நுழைவழியில் போனால் பல குடும்பங்களுக்கு ஒரே குழாயும் ஒரே கழிப்பிடமும். இந்த முற்றங்களில் பெரும்பாலானவை 20-ஆம் நூற்றாண்டில் அகற்றப்பட்டன. இன்று அவை இருந்த இடம் வாகன நிறுத்தம் அல்லது தோட்டம். பாதுகாக்கப்பட்ட ஊர் என்கிறோம், பாதுகாத்தது முன்பக்கத்தை. ஏழைகள் வாழ்ந்த பின்பக்கம் சுவடில்லாமல் போனதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

விக்டோரியா காலம் ஊருக்குக் கொடுத்த பெரிய கட்டடம், 1880-களின் இறுதியில் கோட்டைச் சதுக்கத்தின் நடுவில் எழுந்த செங்கல் நகரமன்றம். ரசனையாளர்கள் அதை ஆரம்பம் முதலே வெறுத்தார்கள். பழுதுபார்க்கச் செலவாகும் என்று 1986-இல் இடித்துவிட்டார்கள். அதன் கீழ்த்தளத்தில் இருந்த சந்தை வெளியே வந்தது. இன்று திங்கள், புதன், வெள்ளி, சனிக்கிழமைகளில் சதுக்கத்தில் திறந்தவெளிச் சந்தை கூடுகிறது. இடித்ததற்காக வருந்துபவர்களும் உண்டு. என் கருத்தில் அந்த இடிப்பு ஊருக்கு நல்லதே செய்தது. கோட்டை வாசலுக்கு முன்னால் டி லேசி காலத்துத் திறந்தவெளி திரும்பக் கிடைத்தது. ஆனால் நூறு வயதை எட்டாத கட்டடம் என்பதால் எளிதாக இடித்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1780-களில் மர வீடுகளைப் பற்றியும் இப்படித்தான் பேசியிருப்பார்கள்.

சட்டம் இந்தக் கதைக்குள் தாமதமாகத்தான் வருகிறது. 1947-ஆம் ஆண்டின் நகரத் திட்டச் சட்டம் கட்டடங்களைப் பட்டியலிட வழி செய்தது. தனிக் கட்டடமாக அல்லாமல் ஒரு பகுதியை முழுவதுமாகக் காக்கும் ஏற்பாடு 1967-இல் வந்தது. 1979-இல் புறவழிச்சாலை திறந்தபிறகு லாரிகள் ஊருக்குள் வருவது குறைந்தது. அப்புறம்தான் சாப்பாடு. 1995-இல் உணவுத் திருவிழா தொடங்கியது; சில ஆண்டுகளில் மிஷலின் நட்சத்திரம் பெற்ற உணவகங்கள் இந்தச் சிற்றூரில் இருப்பது செய்தியானது; 2003-இல் பிரிட்டனில் முதல் நகரமாக இத்தாலியில் பிறந்த நிதான நகரங்கள் இயக்கத்தில் சேர்ந்தது. பணம் மறுபடி வந்திருக்கிறது, இம்முறை ஓய்வூதியக்காரர்களோடும் வார இறுதி விருந்தினர்களோடும். பிராட் தெரு வீட்டில் கைவைக்க இப்போது அனுமதி வேண்டும், ஆகவே பணம் முகப்பை மாற்றுவதில்லை. வீட்டு விலையை மாற்றுகிறது. சந்தையில் கடை போடுபவர்களின் பிள்ளைகள் மனைக்கோட்டுக்குள் வீடு வாங்குவது கடினமாகிவிட்டது.

மனைகள் எவ்வளவு பிடிவாதமானவை என்பதைக் கடைசியாகச் சோதித்தது டெஸ்கோ என்ற பேரங்காடி நிறுவனம். பேரங்காடிக்கு வேண்டிய பரப்பை மதிலுக்குள் எடுக்க வேண்டுமானால் பல மனைகளை ஒன்றாக்க வேண்டும், அதற்கு வழியில்லை. ஆகவே கோர்வ் தெருவின் பக்கம், ரயில் நிலையத்தை ஒட்டிய நிலம் தேர்வானது. அங்கும் பல ஆண்டுகள் எதிர்ப்பு. பெட்டி போன்ற வழக்கமான கொட்டகை ஊரின் கூரைக் காட்சியைக் கெடுக்கும் என்றார்கள். மெக்கார்மாக் ஜேமிசன் பிரிச்சர்ட் என்ற லண்டன் கட்டடக்கலை நிறுவனம் மலைச்சரிவைப் போல நெளிந்து இறங்கும் கூரையை வடிவமைத்தது. செங்கல் சுவரை வாகன நிறுத்தத்துக்குப் பின்னால் ஒதுக்காமல் தெருவிளிம்பை ஒட்டியே வளைத்தது. 2000-இல் கடை திறந்தது. கூரையைப் பற்றிய சண்டை ஊரில் இன்னும் முழுவதும் ஓயவில்லை. தெருவை ஒட்டிய சுவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அது தெருவின் கோட்டில் நிற்கிறது.